பட்டாணிக்குச் சோறு வைக்கும் முறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பட்டாணி இப்போது என்னென்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஒரு லிஸ்ட் எழுதி அனுப்பச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தாய். நீ இப்போது இருக்கும் கோயம்புத்தூரில் நாய் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார், சனிக்கிழமை காரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லியிருந்தாய். அன்றைக்கே உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்குக் குழைய வடித்த சோறும் வேகவைத்த கோழி ஈரல் இரண்டு துண்டும், உப்பு போடக்கூடாது. மாலை ஏழு மணிக்குத் தயிர் சாதம், இல்லாவிட்டால் முட்டையின் மஞ்சள் கரு. வெள்ளைக் கருவைத் தொடமாட்டாள். கேரட்டை எவ்வளவு பொடியாக நறுக்கிப் பிசைந்தாலும் ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவாள். கடையில் விற்கிற உருண்டைத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு, கால்மிதியை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து தட்டை மூடிவிடுவாள். இவ்வளவும் எழுதி முடித்த பிறகு எனக்கு மேலே ஓடவில்லை. லிஸ்டில் அடங்காதவை நிறைய மிச்சம் இருந்தன. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரயில்வேயில் கார்டாக இருந்த காலத்தில் ரிப்போர்ட் எழுதியதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கோர்வையாக இல்லாவிட்டாலும் முழுவதும் படி.

நீ காட்டாங்குளத்தூரில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அவளைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாய். காலேஜ் வாசல் டீக்கடைக்குப் பின்னால் கிடந்ததாகச் சொன்னாய். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருந்தாள். "இவ்ளோண்டு பட்டாணி மாதிரி இருக்கே" என்று அம்மா சொன்னது பெயராகவே நின்றுவிட்டது. அப்போதே அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். பால் சூடாக இருக்கக் கூடாது, ஆறியும் போயிருக்கக் கூடாது. நீ பின்கதவுப் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலேஜில் நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே ஊட்டுவாய். "நாய்க்கெல்லாம் ஊட்டக் கூடாது, பசிச்சா தானா சாப்பிடும்" என்று நான் சொல்வேன். "அவளுக்குக் கதை கேட்டாத்தான்ப்பா எறங்கும்" என்று நீ சிரிப்பாய். அம்மா தவறிய பிறகும் அந்தப் படியில் உட்கார்ந்து ஊட்டுவதை நீ நிறுத்தவில்லை. அந்த நாட்களில் உனக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நாய்க்குச் செல்லம் கொடுக்கிறாய் என்று மட்டுமே நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டவன். தட்டில் வைத்ததை வேண்டாம் என்று சொல்வது எனக்குத் திமிராகத்தான் பட்டது. உனக்கு ஆறு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கோவைக்காய்ப் பொரியல். நீ வேண்டாம் என்றாய். "தட்டு காலியாகாம எழுந்திரிக்கக் கூடாது" என்றேன். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நீ அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாய். அம்மா இரண்டு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கடைசியில் நீ ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு, மாத்திரை விழுங்குகிற மாதிரி தண்ணீர் குடித்து விழுங்கினாய். பிறகு குளியலறையில் வாந்தி எடுத்தாய். சத்தம் கேட்டது. நான் எழுந்து வரவில்லை. அதற்குப் பிறகு நீ எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்கு அதில் பெருமை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மாப்பிள்ளை அருளின் அம்மா "பொண்ணு சாப்பாடெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டபோது, "எதைப் போட்டாலும் சாப்பிடும்மா, முகம் சுளிக்காது" என்று சொன்னேன். அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கல்யாணமாகி நீ கோவிலம்பாக்கம் போனதும் பட்டாணி சாப்பாட்டை நிறுத்தினாள். முழுக்க நிறுத்தவில்லை. இரண்டு வாய் தின்பாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு துண்டைக் கவ்வுவாள், கீழே போட்டுவிடுவாள், போய்ப் படுத்துக்கொள்வாள். உன் ஏக்கம் என்று நினைத்தேன். நீதான் வழி கண்டுபிடித்தாய். தினமும் மாலை ஏழரைக்கு வீடியோ காலில் வருவாய். நான் போனைப் படியில் சாய்த்து வைப்பேன். "பட்டாணி, இன்னிக்கு என்னாச்சு தெரியுமா?" என்று நீ ஆரம்பித்தால் காதைத் தூக்குவாள். நீ பேசப்பேச நான் ஒரு கையால் ஊட்டுவேன். தட்டு முக்கால்வாசி காலியாகும். எனக்கு அதுவே பெரிய ஜெயம். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் இப்படித்தான் நடந்தது. யோசித்துப் பார், பாப்பா. கோவிலம்பாக்கத்துக்கும் தாம்பரத்தில் நம் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? மேடவாக்கம் வழியாக பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரம். அந்த ஒரு வருஷத்தில் நீ நம் வீட்டுக்கு மூன்று தடவைதான் வந்தாய். எப்போது கூப்பிட்டாலும் மொட்டை மாடியில் கொசுவை அடித்துக்கொண்டுதான் பேசினாய். ஏன் வரவில்லை, ஏன் மாடியிலிருந்து பேசுகிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் கண் முழுக்கத் தட்டில் இருந்தது.

வீட்டு வேலைக்கு வருகிற கன்னியம்மா ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே போனை எட்டிப் பார்த்தாள். நீ வைத்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார் நீ, நாயி துண்ணுச்சா துண்ணுச்சான்னு அதையே பாத்துகினு கீற. பாப்பா மூஞ்சியப் பாத்தியா? கன்னமெல்லாம் ஒட்டிப் போய்க்கீது." நான் சொன்னேன், "போன்ல அப்படித்தான் தெரியும் கன்னியம்மா. இந்தக் காலத்துப் பொண்ணுங்க எளைக்கணும்னே சாப்பிடாம இருக்குதுங்க." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அது எளச்ச மூஞ்சி இல்ல சார், அது வேற" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

நீ சொல்லாமலும் இல்லை. உனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னாய். ஒரு நாள் பட்டாணி ஈரலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டபோது, "இங்க இவரும் பட்டாணி மாதிரிதான்ப்பா. எத வெச்சாலும் புடிக்கல. தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிடறாரு" என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அவருக்கும் கதை சொல்லி ஊட்டு" என்றேன். நீயும் சிரித்தாய். தள்ளிவிட்ட தட்டு எங்கே போய் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. அருள் சாப்பிடாமல் எழுந்துவிட்டால் அன்றைக்கு நீயும் சாப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நான் சிரித்து முடித்துவிட்டேன்.

போன வருஷம் ஏப்ரல் மாதம் பட்டாணி இன்னும் மோசமானாள். நான் கேம்ப் ரோட்டில் இருக்கிற கால்நடை டாக்டரிடம் போனேன். வெயிலாக இருக்கிறதே என்று அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நான் மட்டும் போனேன். அவர் விவரம் கேட்டுவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லேன்னா இது வெறும் பழக்கம் சார். தட்ட வைங்க, பதினஞ்சு நிமிஷம் பாருங்க, சாப்பிடலேன்னா எடுத்துடுங்க. அடுத்த வேளைக்குத்தான் திரும்ப வைக்கணும். நடுவுல பிஸ்கட், பால் எதுவும் கூடாது. ஆனா ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்றார். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தமான வைத்தியம் அது. கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தட்டை வைத்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்து எடுத்தேன். வீடியோ காலும் கூடாது என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். அது அவளைக் கெடுக்கிறது என்றேன். "சரிப்பா" என்றாய். ஒரு நாளில் நீ பேசுவதற்கு இருந்த அந்த அரை மணி நேரத்தையும் நான் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணி இருக்கும். பட்டாணி இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, பின்கதவுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். போன் அடித்தது. வேலை நாளில் அந்த நேரத்தில் நீ கூப்பிடுவதே இல்லை.

"அப்பா."

"சொல்லு பாப்பா."

"நான் வீட்டுக்கு வந்துடட்டுமாப்பா?"

"வேணாம் பாப்பா, வேணாம். நீ வந்தா மறுபடியும் கெட்டுப் போயிடும். இப்பத்தான் கொஞ்சம் வழிக்கு வருது. இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டா தானா சரியாயிடும்."

பின்னால் ஏதோ பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அன்று மாலை பட்டாணி சோற்றை மெல்லாமல் அள்ளி விழுங்கினாள். காலித் தட்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அன்றைக்கு நீ மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பில், கையில் பையோடு நின்றுகொண்டுதான் பேசினாய் என்று பிற்பாடு உன்னோடு வேலை செய்கிற ஹேமா சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் நாயைப் பற்றிப் பதில் சொன்னேன் என்பது உனக்குப் புரிந்ததா, அல்லது உன்னைத்தான் வேண்டாம் என்றேன் என்று நினைத்துத் திரும்பிப் போனாயா? இதை உன்னிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஜூலையில் அந்த ஹேமாதான் உன்னை ஆட்டோவில் வைத்து நம் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டாய். கோவிலம்பாக்கத்தைவிடத் தாம்பரம் பக்கம் என்று இங்கே வந்ததாகச் சொன்னாள். பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை என்று டிரிப்ஸ் போடச் சொன்னார்கள். வராந்தாவில் ஹேமா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "சார், ஜெனி ரெண்டு மாசமா லஞ்ச் பாக்ஸே கொண்டு வர்றதில்ல. கேட்டா பசிக்கலன்றா. எங்க பாக்ஸ்லேர்ந்து குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறா." நான் தலையை ஆட்டினேன். உள்ளே வந்தேன். நீ அரைத் தூக்கத்தில் இருந்தாய். வலது கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று நர்ஸ் இடது கைச் சட்டையைச் சுருட்டினாள்.

இங்கேதான், பாப்பா, நான் எழுதியே ஆக வேண்டிய விஷயம் இருக்கிறது. முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்து, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, "இது எப்படி சார் ஆச்சு?" என்று கேட்டாள். "சமையல்ல பட்டிருக்கும்" என்று நான்தான் சொன்னேன். நீ பேசவில்லை, நீ தூங்கிவிட்டிருந்தாய். சமையலில் சுடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா கையில் இருபத்தைந்து வருஷம் பார்த்திருக்கிறேன், பொட்டுப் பொட்டாக இருக்கும். இது ஒரே வீச்சில் ஊற்றியது. எதிரில் நின்ற யாரோ கொதிக்கிற எதையோ எடுத்து உன் மேல் வீசியிருக்கிறார்கள், நீ முகத்தை மறைக்கக் கையைத் தூக்கியிருக்கிறாய். பார்த்த அந்த நிமிஷமே எனக்கு இது தெரிந்துவிட்டது. நர்ஸ் போனதும் உன் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டேன். நீ விழித்தபோது ஒன்றும் தெரியாதவன் போல இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் நம் வீட்டில் இருந்தாய். அந்த ஒன்பது நாளும் பட்டாணி உன் காலடியை விட்டு நகரவில்லை. நீ படியில் உட்கார்ந்து அவளுக்கு ஊட்டினாய், ஆனால் கதை சொல்லவில்லை. பத்தாம் நாள் அருளும் அவன் அம்மாவும் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் காபி போட்டேன். அருள் தலையைக் குனிந்துகொண்டு, "அவளுக்கு வாய்க்கு ருசியா சமைக்க வரல மாமா. அத சொன்னா மனசுல வெச்சுக்கறா" என்றான். அவன் அம்மா, "எங்க வீட்ல ஆம்பள சாப்பிடாம பொம்பள கை நனைக்க மாட்டோம். அதுல என்னங்க தப்பு? அவ சாப்பிடலன்னா நாங்களா பொறுப்பு?" என்றாள். பாஸ்டர் பொறுமையைப் பற்றிக் கொஞ்சம் பேசி ஜெபம் செய்தார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீ பின்கதவுக்குப் பக்கத்தில் பட்டாணியின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். "பாப்பா, பையை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

ஏன் சொன்னேன்? சபையில் நாலு பேர் கேட்பார்கள் என்று பயந்தேன். பொண்ணு வாழாமல் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று சித்தி வீட்டில் பேசுவார்கள் என்று நினைத்தேன். என் காலத்துக்குப் பிறகு உனக்கு யார் துணை என்றும் நினைத்தேன். மனதுக்கு நல்லதாகத் தோன்றிய காரணம் அது ஒன்றுதான். இவ்வளவையும் நினைத்தவன் அந்தக் கையை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். நீ ஏதாவது பேசியிருந்தால் மறுத்திருப்பேன், அதட்டியிருப்பேன். நீயோ பையை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறினாய். பட்டாணி தெருமுனை வரைக்கும் காரோடு ஓடிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் காலையில் அவளுடைய வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. இந்தத் தடவை தூக்கிக்கொண்டு போனேன். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு லேடி டாக்டர். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மேல் கடைவாய்ப் பல் நடுவில் பிளந்து, வேர் வரைக்கும் சீழ் பிடித்திருந்தது. "தலைய ஒரு பக்கமா சாய்ச்சு சாப்பிடுமா சார்?"

"ஆமா."

"வாயில எடுத்தத கீழ போடுமா?"

"ஆமா டாக்டர்."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். சாப்பாட்டுல ரொம்ப பிடிவாதம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அவர்கள் டார்ச்சை அணைத்தார்கள். திட்டவில்லை. "வலி தாங்காமதான் சார் வேணாம்னு சொல்லியிருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். மயக்க ஊசி போட்டு அந்தப் பல்லையும், பக்கத்தில் இன்னொன்றையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கஞ்சி வைத்தேன். நான் ஊட்டவில்லை, கூப்பிடவில்லை. அவளே எழுந்து வந்து தட்டு நகர்ந்து சுவரில் முட்டுகிற வரைக்கும் நக்கிச் சாப்பிட்டாள். மூன்று நாள் பட்டினி போட்டு நான் இந்தப் பிராணியை வழிக்குக் கொண்டுவந்த கதையைக் கன்னியம்மாவிடம் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கோவிலம்பாக்கம் பஸ் ஏறினேன். என்ன ஆனாலும் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று போனேன்.

அருளின் அம்மா கேட்டைத் திறக்காமலே பேசினாள். "உங்க பொண்ணு போய் நாலு நாள் ஆச்சே. உங்க வீட்லதான இருக்கா?" நான் அங்கேயே நின்றேன். நாலு நாளாக நீ அந்த வீட்டில் இல்லை. நம் வீட்டுக்கும் வரவில்லை. எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தெருவில் நின்றுகொண்டு ஹேமாவுக்குப் போன் செய்தேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் பெருங்களத்தூர் ஹாஸ்டல் பெயரைச் சொன்னாள்.

அந்த ஹாஸ்டலின் பார்வையாளர் அறை உனக்கு ஞாபகம் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் விதிமுறைகள் ஒட்டிய அட்டை, ஜன்னலுக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓயாத இரைச்சல். "ஏம்மா நம்ம வீட்டுக்கு வரல?" என்று கேட்டேன். நீ கோபமாகச் சொல்லவில்லை. "ரெண்டு தடவ வந்தேனேப்பா" என்றாய். பிறகு அங்கே நடந்ததையெல்லாம் சொன்னாய். கத்தரிக்காய்க் குழம்பில் புளி அதிகம் என்று சட்டியோடு எடுத்து வீசினது, காயத்துக்கு அவன் அம்மா மஞ்சள் வைத்துவிட்டு வெளியே சொல்லாதே என்றது, அவன் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ என் கையைத் தொட்டு, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதில்லப்பா. தெரிஞ்சிருந்தா என்ன அனுப்பியிருக்க மாட்டீங்க. அத நெனச்சுத்தான் உங்க மேல கோவம் வராம இருக்கேன்" என்றாய். தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். எட்டு மாதமாக நீ என்னோடு பேசுகிற ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது.

போன வாரம் உன் வழக்கை நடத்துகிற வக்கீல் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். அருள் தரப்பு பதில் மனுவில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினார்கள். கொடுமை எதுவும் நடக்கவில்லை, அப்படி நடந்திருந்தால் பெண்ணின் தகப்பனாரே பாஸ்டர் முன்னிலையில் மனமொப்பி அனுப்பி வைத்திருப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள். "கையில இருந்த காயத்த நீங்க பாத்தீங்களா சார்? ஜெனி, அப்பாவுக்குத் தெரியாதுன்னு சொல்றாங்க" என்றார்கள். நான் பார்த்தேன் என்று சொன்னேன். எங்கே, எப்போது, எவ்வளவு நீளம் என்று எல்லாம் சொன்னேன். "கோர்ட்ல இதச் சொன்னா, பாத்துட்டும் ஏன் அனுப்புனீங்கன்னுதான் சார் அடுத்த கேள்வி வரும். எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும்" என்றார்கள். சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் செங்கல்பட்டில் கூண்டில் ஏறி, பாஸ்டரும் சபைக்காரர்களும் உட்கார்ந்திருக்க, என் மகளுக்கு நடந்தது தெரிந்தும் ஊருக்குப் பயந்து அனுப்பி வைத்தேன் என்று சொல்லப் போகிறேன். அங்கே நீ அதை முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பட்டாணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் தட்டை ஒதுக்கினால் முதலில் வாயைத் திறந்து பார், பிறகு வயிற்றைத் தடவிப் பார். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. பிடிவாதம் என்பதைக் கடைசியாக நினை. கேரட் வேண்டாம் என்றால் வேண்டாம். பல் இல்லாத பக்கம் உணவு தங்கும், சாப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்துவிடு. வயது பத்தாகப் போகிறது, அவளுக்கு எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் கேட்டதைக் கொடு.

இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுகிறேன். சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன். இதைப் படித்த பிறகு என் முகத்தைப் பார்க்க உனக்கு மனமில்லாமல் போகலாம். அப்படியானால் தெருமுனையில் இருந்தே கன்னியம்மாவுக்குப் போன் செய். அவள் பட்டாணியையும் தட்டையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். நான் ஜன்னலுக்குக்கூட வரமாட்டேன். நெடுந்தூரப் பயணம், வயிறு நிறைந்திருந்தால் பட்டாணி காரில் வாந்தி எடுப்பாள். ஆறு மணிக்கே எழுப்பி, அரை வயிற்றுக்கு ஊட்டி, தயாராக வைத்திருக்கிறேன்.

அப்பா